பசரா மாமாவின் பெயர்

எங்கள் ஆச்சி வீட்டில் அவரைப் 'பசரா மாமா' என்பார்கள். ஆச்சியின் அத்தைக்குக் கணவர். முதல் உலகப் போரில் காலாட்படைச் சிப்பாயாகக் கப்பலேறிப் போனவர், பஸ்ராவுக்கு மேலே ஆற்றோரத்தில் எங்கோ குண்டடிபட்டுச் செத்தார். வயது இருபதைத் தாண்டியிருந்தால் அதிகம். அத்தைக்கு அப்போது பதினாறு. பிள்ளை இல்லை. திருச்செந்தூர்ப் பக்கத்தில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து, அண்ணன் பிள்ளைகளை வளர்த்துவிட்டுச் செத்துப்போனாள்.

அந்தப் பஸ்ரா எப்படி இருந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். 1914 நவம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படை அதைப் பிடித்தது. டைக்ரிஸும் யூப்ரடீஸும் சேர்ந்து ஓடும் ஷத் அல் அரபு ஆற்றின் கரை; பேரீச்சந்தோப்பு, சதுப்பு, வெள்ளம். பெரிய கப்பல்கள் அணைவதற்கு ஏற்ற துறை கிடையாது. நடு ஆற்றில் நங்கூரமிட்டு நாட்டுப் படகுகளில் சரக்கை இறக்கினார்கள். மாவு, அரிசி, தீவனம், தோட்டா எல்லாம் அங்கிருந்து ஆற்றுவழியாக மேலே போக வேண்டும்; காயம்பட்டவர்கள் அதே ஆற்றில் கீழே வர வேண்டும். படகு போதவில்லை. 1915 நவம்பரில் டெசிபான் சண்டையில் அடிபட்டவர்களை நாள்கணக்காகப் படகுத் தட்டில் கிடத்தி, அவரவர் மலத்திலேயே ஊறவிட்டுக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கூத் நகரில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் குதிரைகளைத் தின்றார்கள்; 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். அவர்களை மீட்கப் போன படையில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் 23,000. இதையெல்லாம் விசாரித்த குழு 1917இல் இந்திய அரசாங்கத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. போரில் பாதி சமையற்கட்டு வேலை, மீதி பீ மூத்திரம் அள்ளும் வேலை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பரணி பாடியவர்கள் இதை நமக்குச் சொல்லவில்லை.

அங்கே செத்து, கல்லறை தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929இல் அந்த ஆற்றங்கரையில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். பிரிட்டிஷ்காரர்களில் கடைநிலைச் சிப்பாய்வரை பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்களுக்கு, இந்தப் படைப்பிரிவில் இன்னும் இத்தனை பேர் என்று ஓர் எண். இப்படி நடந்ததற்கு அந்தக் காலத்து இனவெறியே காரணம் என்று 2021இல் ஒரு விசாரணை அறிக்கை ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது. சின்னமும் இப்போது ஆற்றங்கரையில் இல்லை. 1997இல் சதாம் உசேன் ஆட்சியில் அதைப் பெயர்த்துப் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

நடுகல் பாடம் நடத்தும்போது வகுப்பில் இதைச் சொன்னேன். ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கே பெயர் எழுதிக் கல் நட்ட மண்ணில் பிறந்தவரை எண்ணாக்கிவிட்டார்கள் என்று சற்றுக் குரல் உயர்த்தியே சொன்னேன். ஒரு மாணவி எழுந்தாள். "மேம், அவர் அந்த ஊரைப் பிடிக்கத்தானே போனார்? பஸ்ராப் பொம்பளைங்களுக்கு அவர் யாரு?"

பதில் சொல்லத் திணறினேன். பஞ்சத்துக்குப் போனார், கூலிக்குப் போனார் என்று சமாளிக்கலாம். ஆனால் துப்பாக்கியோடு போனார். அந்தக் கரையில் ஒருத்தியின் தோப்பும் படகும் அவர் நின்ற படைக்காகப் பறிபோயிருக்கலாம். அவரை வீரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழாமல் இருக்கவும் முடியவில்லை. ஒருவரைப் புகழாமல் அவருக்காக அழ முடியுமா? ஒப்பாரியில்கூட ராசா என்றுதானே நம் பெண்கள் தொடங்குகிறார்கள்.

அவர் பெயரையாவது கண்டுபிடிப்போம் என்றுதான் தொடங்கினேன். பேரரசின்மேல் கோபப்படுவது எளிது, அது தூரத்தில் இருக்கிறது. வீட்டிலும் அவர் பெயர் இல்லை. ஆச்சியின் அப்பாவுக்கு அவர் 'மாப்பிள்ளை', ஆச்சிக்கு 'மாமா', அத்தைக்கு 'அவுக'. புருஷன் பெயரை அவள் சாகும்வரை சொல்லவில்லை. பென்ஷன் வாங்க அண்ணனோடு தாலுகா கச்சேரிக்குப் போவாள். எழுத்தர் கேட்டால் அண்ணன் சொல்வார். ஒருமுறை அண்ணனுக்குக் காய்ச்சல். சிறுமியான ஆச்சி துணைக்குப் போயிருக்கிறாள். "புருஷன் பேரென்ன?" என்று கேட்டதற்கு அத்தை கடற்கரைத் திசையில் கையைக் காட்டி, "அந்தச் சாமி பேருதான்" என்றாளாம். கச்சேரியே சிரித்ததாம். செந்திலா, சுப்பிரமணியா, வேலுவா, ஆறுமுகமா? இந்தப் பெயர்களில் எத்தனை சிப்பாய்கள் போனார்களோ.

பதக்கம் ஒன்று வந்ததாம். வெள்ளிப் பதக்கம். அதன் விளிம்பில் சிப்பாயின் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அத்தை அதை ஆசாரியிடம் கொடுத்து உருக்கி, கைக்குழந்தையாக இருந்த ஆச்சிக்குக் கொலுசு செய்து போட்டாள். வெள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தாளா, பேரரசு தந்த பொருள் வீட்டில் கிடக்க வேண்டாம் என்று நினைத்தாளா, தெரியாது. மறுமணம் செய்தால் பென்ஷன் நின்றுவிடும். அந்தப் பணம் வீட்டுக்கு வேண்டியிருந்தது என்று ஆச்சி ஒரே ஒருமுறை, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

போன வருஷம் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதவென்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அந்த அத்தை பேரென்னம்மா?" என்றேன்.

அம்மா யோசித்தாள். "பசராத்தைன்னுதான் சொல்லுவோம்" என்றாள். சித்திக்கு போன் போட்டோம். அவளுக்கும் பசராத்தைதான்.

பழைய பென்ஷன் பேரேடு எங்காவது இருக்குமா என்று ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். ஓய்வூதியர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டேன். எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு, "இது இல்லாம எப்படி மேடம் தேடுறது?" என்றார்.