பதக்கத்தில் இன்னும் சக்தி உண்டா?

வெள்ளவத்தையில் நோயாளரைச் சந்திக்கச் சென்றபோது, ஒரு தாயார் கழுத்திலிருந்த 'சக்திப் பதக்கத்தை'க் காட்டி, "சுவாமி, வாங்கி மூன்று வருஷம். இன்னும் வேலை செய்யுதோ என்று எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முந்திய கேள்வி ஒன்றுண்டு: அது நின்றுபோயிருந்தால் எவ்வாறு அறிந்திருப்போம்? அறிய வழியில்லையெனில், முதல் நாளே வேலை செய்ததென்று எப்படிச் சொல்வது?

நோவைப் போக்குமென விற்கப்பட்ட பேர்க்கின்ஸ் உலோகக் கோல்களைப் போல, 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் வைத்தியர் ஜோன் ஹேகார்த் மரக்கோல்களைச் செய்து ஐந்து நோயாளரைத் தடவினார். நால்வர் சுகமென்றனர். மறுநாள் உலோகக் கோல்களாலும் அதே பலனே. 2021 டிசம்பரிலோ, காப்புத் தருவதாக விற்ற பத்துப் பொருட்கள் தீய கதிர்வீச்சை வெளியிடுவதாக நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு அதிகாரசபை எச்சரித்தது.

"நாம் அணியும் அந்தோனியார் சுரூபமும் இப்படித்தானே?" என்று பிள்ளைகள் கேட்கலாம். சுரூபம் கருவியன்று, செபத்தின் அடையாளம். அது சுகத்தை விற்பதில்லை. ஆகவே சுகம் கிட்டாதபோது பழுதாவதுமில்லை. ஆனால் செபமும் மனமாற்றமும் வேண்டாம், கழுத்தில் கிடந்தாற் போதும் என்றெண்ணினால், கொட்டாஞ்சேனையில் மந்திரித்த சுரூபத்தையும் நாமே சக்திப் பதக்கமாக்கிவிடுகிறோம். அது முதற் கற்பனைக்கு விரோதமான மூடபக்தி.

அத்தாயாரிடம், "அம்மா, பிரஷர் குளிசை எடுக்கிறீர்களா?" என்றேன். "இது வந்தபின் விட்டிட்டன், சுவாமி" என்றார்.

அன்பர்களே, வைத்தியரும் ஆண்டவரின் கொடையென்று சீராக் ஆகமம் போதிக்கிறது. குளிசையை விடாதீர்கள், செபத்தையும் விடாதீர்கள்.