பச்சை குத்திக்கொள்ளும் முன்

மறைந்த தாயாரின் பெயரை முன்கையில் பச்சை குத்திக்கொள்ள நாள் குறித்துவிட்டு, மார்க்கத்தில் இது ஆகுமா என்று கேட்கிறார் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை வாலிபர் ஒருவர். குத்திய பிறகு கேட்பவர்களே அதிகம். இவர் முன்னதாகக் கேட்டார். முன்பணம் கொடுத்துவிட்டாராம். போனால் போகட்டும்.

பச்சை குத்துபவளையும் குத்திக்கொள்பவளையும் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆண்களுக்கும் சட்டம் இதுவே. "உம்மாவின் மேலுள்ள பிரியத்தால்தானே?" என்கிறார். பிரியம் உண்மைதான், ஆனால் நல்ல நிய்யத் ஹராமை ஹலாலாக்காது. இந்த உடல் நம்மிடம் தரப்பட்ட அமானத். மகன் கேட்கும் துஆவும் கொடுக்கும் ஸதகாவும் தாயைச் சென்றடையும். தோலில் எழுதிய பெயர் கப்ருக்குப் போகாது.

சிறுவயதில் பச்சை குத்தப்பட்டு, பின்னர் இஸ்லாத்தில் இணைந்து நம் வீடுகளுக்கு மருமகளாக வந்த பெண்களின் நிலை வேறு. அந்தக் கையைப் பார்த்து முகம் சுளிக்கும் மாமிமார் உண்டு. சிறுமிக்குக் குத்தினால் பாவம் குத்தியவளுக்கே, சிறுமிக்கன்று என்று இமாம் நவவி (ரஹ்) ஷரஹ் முஸ்லிமில் தெளிவாக எழுதியுள்ளார்கள். உறுப்புக்குச் சேதம் வருமென்று அஞ்சினால் நீக்கவேண்டியதுமில்லை என்பதும் அவர்கள் தீர்ப்பே. ஹனஃபி மத்ஹபில் அந்த இடத்தைக் கழுவினாலே சுத்தம். மை தோலுக்கடியில் இருப்பதால் ஒளுவின் தண்ணீரை அது தடுப்பதில்லை.