எது பொய் என்று யார் சொல்வது?

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது.

2012 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பை ஃபேஸ்புக்கில் விமர்சித்த இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்கள்.

பொய்ச்செய்திக்குச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த மூன்று பெண்களையும் சேர்த்தே நினைக்கிறேன். முதல் பெண்ணின் சாவு கட்டுப்பாட்டைக் கோருகிறது. மற்ற இருவரின் கைது, அந்தக் கட்டுப்பாடு யார் கையில் என்று கேட்கிறது.

பால்கர் கைதுக்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, 'எரிச்சல்', 'அசௌகரியம்' என்ற சொற்களைக் குற்றத்தின் அளவுகோலாக வைத்திருந்தது. ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023இல் ஒன்றிய அரசு, தன் செயல்பாடுகள் பற்றிய தகவல்களில் எது பொய் என்று தானே முடிவு செய்யும் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே தீர்ப்பும் எழுதலாமா என்பதுதான் கேள்வி.

பெண்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நம் நடத்தை பற்றிய வதந்தியை ஊர் உண்மை என்கிறது. நாம் கொடுக்கும் புகாரைப் பொய் என்கிறது. எது பொய் என்று அறிவிக்கும் அதிகாரம் பெருகினால், முதலில் பொய்க்காரி ஆவது புகார் கொடுத்தவள்தான்.

அதற்காகக் கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. தெரிந்தே வன்முறையைத் தூண்டுகிறவரைத் தண்டிக்கட்டும். அதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். நீதிமன்றம் வருவதற்குள் உயிர் போய்விடுமே என்பீர்கள். நியாயமான கேள்வி. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. எந்தச் சொல்லையும் அது பொய் என்று அறிவிக்கவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தது. இத்தகைய வரம்புகளை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடாமல் சட்டம் கட்டாயமாக்கலாம்.

சட்டம் பரவலின் வேகத்தில் கை வைக்கட்டும். நம் வாயில் வேண்டாம்.