நிறுத்தும் கை

1999 ஜூனில் டென்மார்க்கின் கனஎடை குத்துச்சண்டை வீரர் பிரையன் நீல்சன் தன் ஐம்பதாவது தொழில்முறைப் போட்டிக்கு மேடையேறினார். அதுவரை 49 ஆட்டம், 49 வெற்றி. தோல்வியே காணாமல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவின் கணக்கும் இதேதான். இன்னும் ஒன்று வென்றால் அவரை முந்திவிடலாம். எதிரே நின்ற அமெரிக்கர் டிக்கி ரயன் அப்படியொன்றும் பெரிய பெயர் இல்லை. பத்தாவது சுற்றில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. வென்றவர் ரயன்.

நாயகனுக்குச் சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதும் ஆட்டம் நிறுத்தப்படத்தான் வேண்டுமா? வேண்டும் என்று சொல்வது எளிது. எப்போது என்பதில்தான் சிக்கல்.

டென்மார்க்குக்கு இந்தக் கேள்வி அண்டை நாடுகளைவிடக் கனமானது. ஐஸ்லாந்து 1956இலேயே குத்துச்சண்டைக்குத் தடை போட்டது. தொழில்முறை ஆட்டத்தை ஸ்வீடன் 1970இலும் நார்வே 1981இலும் தடை செய்தன. பின்னாளில் மூன்றுமே தடையைத் தளர்த்தின என்பது வேறு கதை. டென்மார்க் அந்த வழியில் போகவில்லை. விவரம் தெரிந்த இருவர் மனமொப்பி மோதினால் அரசு ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்பதே அனுமதிக்கு ஆதரவான வாதம். ஆனால் சம்மதத்தின் மேல் எழுப்பிய இந்த வாதத்தின் ஓட்டை மேடையிலேயே தெரிந்துவிடுகிறது. விழுந்து எழுந்தவரிடம் “ஆட முடியுமா?” என்று நடுவர் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியது சற்றுமுன் அடிவாங்கிய அதே மூளை. மண்டைக்குள் ரத்தம் கசியத் தொடங்கிய பிறகும் ஒருவர் நின்று பேசக்கூடும். சரிவது சிறிது நேரம் கழித்துத்தான். அதனால்தான் தேர்ந்த நடுவர்கள் வீரரின் பதிலைவிட அவர் கண்ணையும் காலையும் நம்புகிறார்கள். மேடையேறும்போது தந்த சம்மதம் அந்த நொடியில் காலாவதியாகிவிடுகிறது.

1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கில் பென்னி பாரெட் கயிற்றில் சாய்ந்தபடி எமில் கிரிஃபித்தின் குத்துகளை வாங்கிக்கொண்டிருந்தார். அனுபவசாலியான நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைன் குறுக்கே பாய்வதற்குள் காலம் கடந்துவிட்டது. பத்து நாளில் பாரெட் இறந்தார். நேர்மாறானது 1990இல் லாஸ் வேகாஸில் நடந்தது. புள்ளியில் முன்னிலையில் இருந்த மெல்ட்ரிக் டெய்லர் கடைசிச் சுற்றில் விழுந்து எழுந்தார். ஆட்டம் முடிய இரண்டே நொடி இருக்கையில் நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் நிறுத்தினார். வெற்றி ஹூலியோ சீசர் சாவேஸுக்குப் போனது. இரண்டு நொடி பொறுத்திருக்கக் கூடாதா என்று இன்றும் கேட்கிறார்கள். டெய்லரின் இழப்பு சிறியதல்ல; அதைச் சிறிதாக்கிப் பேசுவது நேர்மையும் அல்ல. ஆனாலும் தவறு ஸ்டீலுடையதல்ல. கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தும் நடுவர் மனிதனைப் பார்க்க மறந்தவர்.

எல்லாச் சுமையையும் நடுவர் தலையில் ஏற்றுவதும் சரியில்லை. 2001 அக்டோபரில் கோபன்ஹேகனின் பார்க்கன் அரங்கில் நீல்சன் மைக் டைசனோடு மோதினார். ஆறாவது சுற்றுக்குப் பின் தன் மூலையில் உட்கார்ந்தவர், ஏழாவதுக்கு எழவில்லை. இப்படி உட்காருவதைக் கோழைத்தனம் என்று ஏசும் ரசிகர்கள் எங்கும் உண்டு. நடுவரின் கை தாமதிப்பதற்கு அவர்கள் கூச்சலும் ஒரு காரணம்.

அந்த நீல்சன், 2011 மே மாதம் கோபன்ஹேகனில் மறுபடி மேடையேறினார். அவருக்கு 46 வயது, எதிரே நின்ற இவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு 48. பத்தாவது சுற்றில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. முதல் மணி அடிக்கும் முன்பே, அனுமதித் தாளில் கையெழுத்திட்டவர்கள் நிறுத்தியிருக்க வேண்டிய ஆட்டம் அது.