பாட்டனின் தந்தை பெயர் என்ன?

“உன் பாட்டனின் தந்தை பெயர் என்ன?”

கேட்பவருக்கு இது எளிய கேள்வி. பதில் சொல்ல வேண்டியவருக்கோ, சில வேளைகளில் வாழ்வையே நிர்ணயித்துவிடும் கேள்வி. கலியாணம் பேச வந்தவர் இதைக் கேட்டால் சாதியை அறிய விரும்புகிறார். காணி வழக்கில் கேட்பவர் சொத்தின் உரித்தை அறிய விரும்புகிறார். அரசாங்கக் காரியாலயத்தில் கேட்பவரோ, எதிரே நிற்கும் மனிதன் இந்நாட்டவனா அன்றா என்று தீர்ப்புக் கூற விரும்புகிறார். இம்மூவரும் கருதாத வேறொரு பொருளும் இக்கேள்விக்கு உண்டு. அதனைப் பற்றியே இங்கு சிந்திக்க விழைகிறோம்.

மட்டக்குளியில் ஆசிரியராகப் பணிபுரியும் நண்பர் ஒருவர், தம் வகுப்புப் பிள்ளைகளைக் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார். தகப்பன், பாட்டன், பூட்டன் என மேல்நோக்கிச் செல்லும் கிளைகள்; ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பெட்டி. மறுநாள் ஒரு மாணவியின் தாளில் இரண்டு பெட்டிகளுக்கு மேல் வெறுமையாக இருந்தது. “தாத்தாவோட அப்பா பேரு வீட்டுல யாருக்கும் தெரியல்ல சேர். தாத்தாவும் செத்துப்போயிட்டாரு” என்றாள் அவள். குற்றம் செய்தவளைப் போலத் தலை குனிந்து நின்றாள் என்று நண்பர் கூறினார். அந்தத் தலைகுனிவுதான் எம்மை எழுதத் தூண்டியது.

அக்குடும்பத்தின் கதை அப்பகுதியில் அபூர்வமானதன்று. தாத்தா மலையகத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்கள் பட்டினியால் வாடியபோது கொழும்புக்கு இறங்கி வந்தார். புறக்கோட்டையில் நாட்டாமியாக மூட்டை சுமந்தார். களனி கங்கை கடலோடு கலக்கும் இம்முனையில் ஒரு பலகை வீட்டில் குடியேறினார். வைத்திருந்த சொற்பக் காகிதங்களும் 1983 ஜூலையில் வீட்டோடு எரிந்துபோயின. மகனும் துறைமுகத்தை அண்டிய வேலையில்தான் வளர்ந்தார். பேத்தி இப்போது குடும்ப மரம் வரைகிறாள்.

இனி, ஏகாதிபத்தியத்தின் மறுமுனையில், இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைத் தொழிலாளி ஒருவனின் பேத்தியை எண்ணிப் பார்ப்போம். அவள் விரும்பினால் தன் வம்சத்தைத் தேடிச் செல்லப் பாதை உண்டு. 1538 இலிருந்து கோயிற்பற்றுகளில் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் பதியப்பட்டு வந்துள்ளன. 1837 இல் அரசாங்கப் பதிவு தொடங்கியது. 1841 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, வீடுதோறும் இருந்தோரின் பெயர்களைக் குறித்து வைத்தது. தலைமுறை தோறும் மாறாது தொடரும் குடும்பப் பெயர் வேறு துணை நிற்கிறது. உழவுக் கூலியாக இருந்த முன்னோனை, நூற்பாலைக்கு நடந்து சென்ற அவன் மகளை, சுரங்கத்தில் மாண்ட பேரனை ஒவ்வொருவராக அவள் கண்டுபிடித்துவிடலாம்.

இதனைக் கண்டு அந்நாட்டு அதிகார வர்க்கம் ஏழையை மதித்தது என்று நாம் மயங்கிவிடலாகாது. 1662 இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஏழையொருவன் எந்தக் கோயிற்பற்றுக்கு உரியவனோ அப்பற்றே அவனுக்கு உதவ வேண்டும். வேறிடத்திலிருந்து வந்து உதவிக்கு உரித்தாகக்கூடியவன் என்று கண்டால் அவனை அகற்றிவிடலாம் என்றது அச்சட்டம். நீதவான் முன் அவனை நிறுத்தி, எங்கே பிறந்தாய், எவரிடம் வேலை செய்தாய், உன் தந்தை எவ்வூரான் என்றெல்லாம் விசாரித்து எழுதினார்கள். ஏழையை ஊரைவிட்டுத் துரத்துவதற்காக எழுதப்பட்ட அந்த வாக்குமூலங்களே, இன்று அவன் சந்ததியார் அவனை அறிந்துகொள்ளும் அரிய ஏடுகளாக இருக்கின்றன. உழைப்பவன் செலவாகவோ சந்தேகமாகவோ தோன்றும்போதுதான் எழுதுகோல் அவன் பக்கம் திரும்புகிறது. இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய உண்மையன்று.

இலங்கையிலும் ஏடுகள் இருந்தன. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளில் காணியும் குடும்பமும் குறிக்கப்பட்டன. எவர் எவ்வூழியத்துக்குக் கடமைப்பட்டவர் என்று அறிவது அவற்றின் நோக்கங்களில் ஒன்று. 1867 இல் பிரித்தானிய ஆட்சி பிறப்பு இறப்புப் பதிவை ஏற்படுத்தியது. ஆயின், அந்த மாணவியின் முன்னோர் வந்த வழி வேறு. கோப்பிக் காலத்தில் தலைமன்னாரிலும் அயற்கரைகளிலும் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள் அவர்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வீழ்ந்தவர்களை எழுதி வைத்தவர் எவருமிலர். பின்னர் வந்தோர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின் அவ்வழியாக வந்தனர். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தொழிலாளியின் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. அதில் எண் இருந்தது. தோட்டத்தைவிட்டு வேறு தோட்டம் செல்லக் கடன் தீர்ந்ததற்கான ‘துண்டு’ வேண்டியிருந்தது. செக்ரோல் புத்தகத்தில் அன்றாடம் பெயர் கூப்பிடப்பட்டது. அதுவும் துரை காரியாலயத்தில் கணக்கப்பிள்ளையின் செவிக்கு எட்டியபடி எழுதப்பட்ட பெயர். ஒரே தோட்டத்தில் பல ராமசாமிகளும் பல முனியாண்டிகளும் இருந்தார்கள். தமிழர் பெயரிடும் முறையில் தந்தை பெயர் மகனோடு நின்றுவிடும். பேரனுக்குப் பாட்டன் பெயரின் முதலெழுத்தும் மிஞ்சுவதில்லை. ஏடு கிடைத்தாலும் அதில் எந்த ராமசாமி நம்மவன் என்று அறிவது அரிது.

லங்காஷயர்த் தொழிலாளி வேலை முடிந்து வந்து பருகிய தேயிலை, அந்த மாணவியின் முப்பாட்டி போன்றோர் கிள்ளிய கொழுந்தில் விளைந்தது. இருவரும் ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகளில் உழைத்தவர்கள். இருவரையும் சுரண்டியது ஒரே மூலதனம். எனினும் ஒருவரின் பெயர் சந்ததியாருக்குக் கிட்டுகிறது. மற்றவரின் பெயர் கிட்டுவதில்லை. வறுமையிலும்கூட ஆளும் நாட்டுக்கும் ஆளப்பட்ட நாட்டுக்கும் இடையே இவ்வேறுபாடு இருந்தது.

பெயரை எழுதி வைக்காதிருந்தது முதல் அநீதி. எழுதி வைக்காத பெயரைக் காட்டு என்று கேட்டது இரண்டாவது அநீதி. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், 1948 இல், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். காணியும் பதிவும் உடையவர்களிடம் எவரும் அத்தாட்சி கேட்கவில்லை. லயத்தில் பிறந்தவர்களிடமே அது கேட்கப்பட்டது. 1949 இன் சட்டம் மற்றொரு வாசலைத் திறப்பதுபோலத் தோன்றியது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர்.

அந்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதியை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். பெற்றோர் யாரென்று அறிய இயலாதவாறு கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்படும் சிசு, மாறாக நிரூபிக்கப்படும்வரை இலங்கைப் பிரஜையாகவே கருதப்படும் என்கிறது அது. நல்ல விதி, மனிதாபிமானம் மிக்க விதி. ஆனால் அதன் பொருளைச் சிந்தியுங்கள். தெருவில் கிடந்த குழந்தையிடம் சட்டம் பாட்டன் பெயரைக் கேட்கவில்லை. தாய் தந்தையரோடு தோட்டத்தில் வளர்ந்து, எட்டு வயதிலிருந்து கொழுந்து கிள்ளியவளிடம் கேட்டது. மனிதன் ஒருவனை ஏற்றுக்கொள்ள வம்சம் தேவையில்லை என்பதைச் சட்டம் தானே அறிந்திருந்தது. அறிந்தும் ஒரு வர்க்கத்திடம் மட்டும் அதைத் தேவையாக்கியது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நம் வாசகர் அறிவர். 1964 அக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மனிதர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு நாள் பேசித் தீர்ப்பதற்கு என்று பிரித்தார்கள். 1974 இல் அந்த எஞ்சியோரையும் சரிபாதியாக்கினார்கள். 1948 இன் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து முழங்கிய சமசமாஜக் கட்சி, 1964 இல் அவ்வொப்பந்தத்தைச் செய்த கூட்டாட்சியில் அங்கம் வகித்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. இடதுசாரிகளாகிய நாம் பிறரை மட்டும் விசாரிப்பது நேர்மையாகாது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர் சந்ததியாருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. முதற் சட்டத்திலிருந்து 55 ஆண்டுகள். அதற்குள் எத்தனை பாட்டன்மார் நாடற்றவர்களாகவே மண்ணுக்குள் போய்விட்டார்கள்!

இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் எம்மை மறுக்கக்கூடும். “உழைப்பாளிக்கு வம்சம் எதற்கு? குலப்பெருமை பேசுவது நிலப்பிரபுத்துவத்தின் மிச்சம். அவன் பார்க்க வேண்டியது எதிர்காலத்தை” என்பர். இதில் உண்மை உண்டு. செல்வம் சேர்ந்தவுடன் தமக்கொரு குலபுராணம் எழுதுவித்து, அரச மரபிலும் முனிவர் மரபிலும் தம்மைக் கோத்துக்கொள்வோரை நாம் பார்த்திருக்கிறோம். அத்தகைய மரம் சாதியின் நிழலிலேயே வளரும். ஆனால், மறதியைத் தானே தேர்ந்துகொள்வதும், மறதி ஒருவன்மேல் சுமத்தப்படுவதும் ஒன்றாகுமா? தாத்தாவின் தந்தை பெயரை அக்குடும்பம் துறக்கவில்லை, பறிகொடுத்தது. பறித்த கூட்டமே பின்னர் அவர்களைப் பார்த்து ‘கள்ளத்தோணி’ என்றும் ‘வந்தேறி’ என்றும் ஏசியது. வேரை அறுத்துவிட்டு, உனக்கு வேர் எங்கே என்று கேட்பதற்கு ஒப்பானது அது.

வேறு சிலர் எதிர்த்திசையில் செல்வர். “எம் மக்கள் இருநூறு ஆண்டுகளாக இங்கே இருக்கிறார்கள், ஆகவே எமக்கு உரிமை உண்டு” என்பர். இருநூறு ஆண்டுகள் என்பது உண்மைதான். ஆனால் ‘ஆகவே’ என்ற சொல்லில்தான் எமக்கு உடன்பாடில்லை. நீண்ட காலம் இருந்ததால் உரிமை என்றால், நேற்று வந்த ஏழைக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடும். 1948 இன் சட்டம் கேட்ட கேள்வியை ஏற்றுக்கொண்டு, அதற்குச் சரியான விடை எழுதுவதாகவே அவ்வாதம் முடியும். உரிமை வேரின் ஆழத்திலிருந்து பிறப்பதன்று. ஒருவன் எங்கே வாழ்கிறானோ, எந்தச் சமுதாயத்தின் சுமையைத் தோளில் ஏற்கிறானோ, அங்கே அவனுக்கு உரிமை உண்டு. பாட்டன் பெயர் தெரிந்தாலும் உண்டு, தெரியாவிட்டாலும் உண்டு.

ஆதலால் எம் கருத்து இதுவே: வம்சத்தை அறிவது மனிதனின் உரிமை, அதை உரிமைக்கு நிபந்தனையாக்குவது அநீதி. தேடுபவன் தானே தேடினால் அது ஞாபகம். அதிகாரி தேடச்சொன்னால் அது விசாரணை.

எனில் தேடுவது எதனை? மட்டக்குளியிலிருந்து முகத்துவாரம் கடந்து தெற்கே நடந்தால் துறைமுகம் வரும். அங்குள்ள தென்மேற்கு அலைதடுப்பின் அடிக்கல் 1875 இல் நாட்டப்பட்டது. 1885 இல் வேலை முடிந்தது. அடிக்கல் நாட்டியவர் வேல்ஸ் இளவரசர். அமைப்பை வகுத்தவர் பொறியியலாளர் சேர் ஜோன் கூட். இவை ஏட்டில் உள்ளன. கல்லைச் சுமந்து கடலில் இறக்கியவர்களின் பெயர்கள் நம் பாடநூல்களில் இல்லை. பின்னர் அத்துறைமுகத்தில் தலைமுறை தலைமுறையாக மூட்டை தூக்கியோரும், 1927 இல் வேலைநிறுத்தம் செய்தோரும் அவ்வாறே. தமிழர், சிங்களவர், மலையாளிகள், முஸ்லிம்கள் யாவரும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். பெயர் தெரியாத பாட்டனின் பெட்டியில், அவன் செய்த வேலையையாவது எழுதலாமே! அப்படி எழுதினால் பக்கத்து மாணவனின் வெறுமையான பெட்டியிலும் அதே வேலை இருப்பது தெரியும். அவன் வேறு மொழி பேசுபவனாக இருக்கலாம்.

ஆசிரியர்களான வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்ப மரப் பயிற்சியைக் கைவிட வேண்டாம், கேள்வியை விரிவாக்குங்கள். உங்கள் வீட்டார் எவ்வழியாக வந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எந்தச் சங்கத்தில் சேர்ந்தார்கள், எந்த ஆண்டில் எதை இழந்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பழைய கூப்பன் புத்தகமோ, சங்கச் சந்தா அட்டையோ வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். முக்கியமாக, தாய்வழியையும் கேளுங்கள். சட்டம் தந்தையை மட்டுமே கேட்டது. நாமும் தந்தையை மட்டுமே கேட்டு வந்திருக்கிறோம் என்பதை அந்த நண்பர் பின்னர்தான் உணர்ந்தார்.

அவர் அம்மாணவியிடம், “உன் அம்மாயி இருக்கிறாரா? அவரிடம் கேட்டுப் பார்” என்றார். ஒரு வாரம் கழித்து அவள் வேறொரு தாளோடு வந்தாள். தாய், அம்மாயி, அம்மாயியின் தாய், அத்தாயின் தாய் என நான்கு பெண்களின் பெயர்கள் அதில் இருந்தன. கடைசியில் இருந்தவள் சிறுமியாகத் தனுஷ்கோடியில் கப்பலேறி வந்தவள். மூவர் கொழுந்து கிள்ளியவர்கள். ஒருத்தி ஆடைத்தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவள். கிழவி ஒரு தடங்கலுமின்றிச் சொன்னாளாம். இதுவரை தன்னிடம் எவரும் கேட்டதில்லை என்றும் சொன்னாளாம்.

நண்பர் அத்தாளை வகுப்புச் சுவரில் மாட்டினார். தந்தைவழிப் பெட்டி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதன் கீழே அவள் தன் கையெழுத்தில், ‘இவர் தோட்டத்தில் வேலை செய்தார்’ என்று எழுதியிருக்கிறாள்.