சுவரில் மாட்டிய துவக்கு

அதியமானின் தூதுவராகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான் என்பது புறநானூறு தரும் செய்தி. அழகு செய்து பேணி வைத்த அந்த ஆயுதங்களைக் கண்ட ஔவையார், அதியமானின் வேல்களோ போரிட்டுச் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். கேட்பதற்குப் புகழ்ச்சிபோல் இருந்தாலும் அஃது இகழ்ச்சியே. போர் காணாத ஆயுதத்துக்குப் பெருமை இல்லை என்பது அக்காலத்து மதிப்பீடு.

இன்று போர் கண்ட ஆயுதமே அழகு செய்யப்பட்டுக் கொட்டிலில் இருக்கிறது. பிரித்தானியாவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் பழைய இராணுவத் துவக்குகளை விலைக்கு வாங்கி, முத்திரை சேர்ப்பாரைப் போலச் சேர்த்து, வரவேற்பறைச் சுவரில் மாட்டி வைப்பவர்கள் உள்ளனர். இவை சுடமாட்டா, செயலிழக்கச் செய்யப்பட்டவை. அப்படியாயின் இது குற்றமற்ற பொழுதுபோக்குத்தானா? அல்லது மனச்சாட்சி சற்று நின்று யோசிக்க வேண்டிய காரியமா?

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1987 ஓகஸ்ட் 19 இல் இங்கிலாந்தின் ஹங்கர்போர்ட் என்னும் சிறு பட்டினத்தில் ஒருவன் தன்னிடமிருந்த துவக்குகளால் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் விளைவாக 1988 இல் வந்த சட்டம், தானாகவே மறுகுண்டு ஏறும் றைபிள்களுள் பெரும்பாலானவற்றைத் தனியார் வைத்திருக்க முடியாதவாறு தடுத்தது. அதே சட்டம் இன்னொரு வழியையும் வகுத்தது. சுட இயலாதபடி பழுதாக்கப்பட்ட துவக்கை, இலண்டனிலோ பேர்மிங்காமிலோ உள்ள துவக்குப் பரிசோதனைச் சாலை ஏற்று, முத்திரை குத்திச் சான்றிதழ் வழங்கினால், சட்டத்தின் கண்ணில் அது சுடுகலம் அன்று. குழலை வெட்டி அடைப்பதும், தோட்டா புகும் அறையை உருக்கி ஒட்டுவதும், தோட்டாவை மோதும் ஊசியைப் பயனற்றதாக்குவதும் இவ்வேலையில் அடங்கும்.

இதை அரைகுறையாகச் செய்தால் என்ன நேரும் என்பதை 2015 ஜனவரி காட்டியது. அம்மாதம் 9 ஆம் திகதி பாரிஸ் நகரில் யூதர்களின் கடையொன்றில் நால்வர் கொல்லப்பட்டனர். அங்கு பயன்பட்ட துவக்குகளுட் சில, வெறும் ஓசை மட்டும் எழுப்பும்படி மாற்றப்பட்டு, சிலோவாக்கியாவில் சட்டப்படி விற்கப்பட்டவை. பின்னர் யாரோ அவற்றை மீண்டும் சுடத்தக்கனவாக்கினர். ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு டிசெம்பரில் செயலிழக்கச் செய்வதற்கான பொது விதிகளை வகுத்து, 2016 ஏப்பிரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே, முறையான சான்றிதழின்றி ஆயுதம் வாங்குபவன் சட்டத்தை மட்டுமன்றி அயலவனின் உயிரையும் அலட்சியம் செய்கிறான். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

ஆனால் சட்டம் விடை கூறுவது ஒரு கேள்விக்கு மாத்திரமே: இந்தத் துவக்கு இனிமேல் கொல்லுமா? இது ஏற்கெனவே கொன்றதா, அதை நான் எந்த மனத்தோடு பார்க்கிறேன் என்ற கேள்விகள் மனச்சாட்சிக்கு உரியவை.

ஒரு செயலை எடைபோட அதன் பொருளையும், செய்பவரின் நோக்கத்தையும், சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்பது அறவியலின் பழைய பாடம். பொருளைப் பார்த்தால், இரும்பும் மரமும் தம்மளவில் பாவம் அல்ல. சேகரிப்போருக்காகவும் நியாயமாகப் பேச வேண்டும். அவர்கள் எல்லோரும் யுத்தப் பிரியர்கள் அல்லர். பாட்டனார் ஏந்திய துவக்கு எவ்வகையது என அறிய விரும்பி இதில் இறங்கியவர் உண்டு. பழைய தொழிலாளியின் கைத்திறனை வியப்பவர் உண்டு. இத்தகையோர் இல்லையேல் வரலாற்றின் சான்றுகள் பல உலைக்குள் போயிருக்கும். நூதனசாலை செய்வதை வீட்டில் செய்தால் அது எப்படிக் குற்றமாகும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆயினும் நூதனசாலையின் கடமை முழுக் கதையையும் சொல்வது. வீட்டுச் சுவர் பெரும்பாலும் பாதிக் கதையையே சொல்கிறது.

உதாரணத்துக்கு லீ என்பீல்ட் றைபிளை எடுப்போம். எங்கள் நாட்டுப் பொலிசாரின் தோளிலும் தொங்கிய, பெரியவர்கள் '303' என்று அறிந்த துவக்குத்தான் அது. சேகரிப்போர் பெரிதும் விரும்புவதும் இதனையே. 1916 யூலை முதலாந் திகதி சோம் போர்க்களத்தில் ஒரே நாளில் 19,240 பிரித்தானியப் படையினர் மாண்டனர். அவர்களில் மிகப் பலர் ஏந்திச் சென்றது இதுவே. ஹிட்லரின் படைகளை எதிர்த்து நின்றவர்களும் இதனை ஏந்தினார்கள். 1919 ஏப்பிரல் 13 இல் அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில் டயரின் கட்டளைப்படி ஆயுதமற்ற மக்கள்மீது பத்து நிமிடமளவில் 1,650 தடவை சுட்டதும் இதே துவக்குத்தான். அரசாங்கம் ஒப்புக்கொண்ட கணக்கின்படியே 379 பேர் இறந்தனர்.

இந்த றைபிள்கள் சிலவற்றின் மரக்கட்டையில் சிறிய பித்தளை வட்டம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். எந்தப் படையணிக்கு உரியது, எத்தனையாவது துவக்கு என்பதை அது சொல்லும். சேகரிப்பவர் அதை ஆசையோடு துடைத்து வாசிக்கிறார். துவக்கின் எதிரே நின்றவர் யார் என்பதைச் சொல்லும் வட்டம் எந்தத் துவக்கிலும் இல்லை. அந்தக் குறையை நிரப்புவது சேகரிப்பவரின் கடமை. அதைச் செய்யாமல் பளபளப்பை மட்டும் காட்டுபவர், பொய் பேசாமலே பொய்யான ஒரு கதையைச் சொல்லிவிடுகிறார்.

சூழ்நிலையும் முக்கியம். அந்தச் சுவரின் கீழே இருந்து விளையாடும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது? அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளி யார்? 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தத்தில் பிள்ளையை, கணவனை இழந்து இன்று இலண்டனில் வாழும் தமிழ்த் தாய்க்கு, அயலவர் வீட்டுச் சுவரில் உள்ள துவக்கு வெறும் அலங்காரமாகத் தோன்றுமா? குழலை அடைத்துவிட்டதாகச் சான்றிதழ் இருக்கலாம். அவளுடைய நெஞ்சுக்கு அப்படியொரு சான்றிதழை எவரும் வழங்கவில்லை. அவள் வரும் நாளில் அதை எடுத்து உள்ளே வைக்கும் நாகரிகம், பொழுதுபோக்கைவிடப் பெரியது.

ஆயுதத்தைக் காட்சிக்கு வைப்பதே தவறு என்று நாம் கூறவில்லை. 1522 மார்ச்சில் இஞ்ஞாசியார், போர்வீரனாகத் தாம் தரித்த வாளையும் குத்துவாளையும் மொன்செராத் ஆலயத்தில் தேவமாதாவின் பீடத்தருகே விட்டுச் சென்றார். அவையும் மாட்டி வைக்கப்பட்ட ஆயுதங்களே. ஆனால் கண்டவர்களுக்கு, ஒரு மனிதன் தன் பழைய வழியைக் கைவிட்டான் என்ற செய்தியை அவை கூறின.

எமது காலத்துச் சான்றும் உண்டு. 1977 இல் தொடங்கிய மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் 1992 ஒக்டோபரில் உரோமையில் கையெழுத்தான உடன்படிக்கையோடு முடிந்தது. நாடெங்கும் துவக்குகள் புதைந்தும் ஒளிந்தும் கிடந்தன. 1995 இல் அங்கிலிக்கன் ஆயர் டினிஸ் செங்குலானேயின் முயற்சியால் அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்றம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. துவக்கைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு மண்வெட்டி, தையல் இயந்திரம், சைக்கிள் போன்றவை கிடைத்தன. சேர்ந்த ஆயுதங்களை வெட்டிக் கலைஞர்கள் சிற்பங்கள் செய்தார்கள். அவற்றுள் கெஸ்டர் என்பவர் 2001 இல் செய்த நாற்காலி இப்போது பிரித்தானிய நூதனசாலைக்கு உரியது. அதிலுள்ள துவக்குகளில் ஒன்றேனும் மொசாம்பிக்கில் செய்யப்பட்டதன்று. எல்லாம் வெளிநாடுகளிலிருந்து வந்தவை. சாவு அந்த மண்ணில் விழுந்தது; அதற்கான விலை வேறெங்கோ போய்ச் சேர்ந்தது. பார்ப்பவர் இதையும் அறிந்துகொண்டே திரும்புகிறார்.

ஆகவே பழைய துவக்கு ஒன்றை வைத்திருக்க விரும்புபவர் சான்றிதழோடு நின்றுவிடலாகாது. அது எந்தப் போரில் எதற்காகப் பயன்பட்டது, அதனால் மாண்டவர்கள் எந்த மக்கள் என்பதைத் தேடியறிந்து, ஒரு சிறு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைக்கட்டும். அவ்வாறு எழுத மனம் கூசுமாயின், அந்தத் துவக்கு ஒரு நூதனசாலையில் இருப்பதே நன்று. எழுதி வைத்தால், பிள்ளைகள் வந்து கேட்கும்போது அதை வாசித்துக் காட்டலாம்.