தீர்மானமாகாத நாளை

1938 ஜனவரி 16 அன்று வியன்னாவில் இசை நடத்துநர் புரூனோ வால்ட்டர் நடத்திய, இசையமைப்பாளர் மாலரின் ஒன்பதாம் சிம்பொனி, அரங்கத்து இருமல்களோடு நேரடியாகப் பதிவானது. இரண்டே மாதத்தில், மார்ச்சில், ஆஸ்திரியா ஹிட்லர் வசமாயிற்று. யூதர்களான வால்ட்டரும், வாத்தியக் குழுவின் முதல் வயலின் கலைஞர் ஆர்னால்ட் ரோஸேயும் நாடிழந்தார்கள். அதனாலேயே இந்தப் பதிவில் விதியின் முன்னறிவிப்பு ஒலிப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். பதிவே அதற்கு எதிர்ச்சாட்சி. 1961இல் அமெரிக்காவில் இதே சிம்பொனிக்குச் சுமார் 80 நிமிடம் எடுத்துக்கொண்ட வால்ட்டர், இங்கே ஏறத்தாழ 70 நிமிடத்தில் முடிக்கிறார். மெதுநடை இறுதிப் பகுதியான அடாஜியோகூட எங்கும் தேங்காமல் நகர்கிறது.

அன்று அந்நகரில் அச்சம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் அச்சம் வேறு, விதி வேறு. நடந்தது நடந்தே தீரவேண்டியது என்று கேட்கும் செவி, அக்கொடுமையைத் தேர்ந்து செய்தவர்களின் பொறுப்பைக் கரைத்துவிடுகிறது. வரலாற்றை மறந்து ஒலியை மட்டும் கேட்பதும் தீர்வல்ல. அன்று வாத்தியம் வாசிப்பவர்களுக்கு மார்ச் மாதம் இன்னும் வரவில்லை என்பதும் வரலாறுதான்.